அந்தப் பாட்டில்கள் குப்பை அல்ல

சென்னையில் கயாக், கனூ என்னும் சிறு துடுப்புப் படகுகள் விடும் குழுவினர் அனைவருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு,

வணக்கம். முட்டுக்காட்டிலும் கோவளத்திலும் பழவேற்காட்டிலும், அண்மைக் காலமாக எண்ணூர்க் கழிமுகத்திலும், ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாகக் கார் கூரையில் படகைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கும் உங்களில் பலரை எனக்கு முகத்தளவில் தெரியும். சிலரோடு ஒரே படகில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து துடுப்புப் போட்டும் இருக்கிறேன். கடந்த பிப்ரவரியில் எங்கள் குழு எண்ணூரில் செய்த ஒரு தவற்றை மறைக்காமல் உங்கள் முன் வைக்கவும், அதிலிருந்து பிறந்த ஒரே ஒரு வேண்டுகோளைச் சொல்லவும் இதை எழுதுகிறேன். எந்த நீரில் இறங்கினாலும், அந்த நீரில் மீன்பிடிக்கும் ஊரைக் கேட்டுவிட்டு, அந்த ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு இறங்குங்கள் என்பதே அது.

எண்ணூரில் நாங்கள் இறங்கிய கொசஸ்தலையாற்றைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் படகு விடுகிறவர்களுள்ளும் அதைக் கடலின் ஒரு கிளை என்று நினைத்திருப்பவர்கள் உண்டு. ஏறக்குறைய 136 கிலோமீட்டர் ஓடிவரும் அந்த ஆறு, 1944இல் கட்டிமுடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தில் சென்னையின் குடிநீருக்கென்று தன்னிடம் உள்ளதைக் கொடுத்துவிட்டு, தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைக் கடந்து, பக்கிங்காம் கால்வாயோடு கைகோத்து, எண்ணூரில் வங்கக் கடலைச் சேர்கிறது. மழைக்காலத்தில் அது ஆறு. மற்ற மாதங்களில் கடல் உள்ளே வந்து வந்து போகும் கழிமுகம். எண்ணூர் ரயில் நிலையத்துக்கும் அத்திப்பட்டுப் புதுநகருக்கும் நடுவே புறநகர் ரயில் கடக்கும் பாலத்தின் கீழிருந்து பார்த்தால், ஒரு பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும் மறுபக்கம் அலையாத்தி மரங்களும் ஒரே தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். அழகா இது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஒருமுறை பார்த்தவர் மறுமுறை வராமல் இருந்ததில்லை.

நாங்கள் பதினொரு பேர், எட்டுப் படகுகளில் போனோம். சும்மா சுற்றிவிட்டு வருவதற்குக் கூச்சப்பட்டு, போகிற வழியில் மிதக்கும் குப்பையையும் பொறுக்கி வருவது என்று முன்னதாகவே பேசி வைத்து, ஆளுக்கொரு சாக்கு எடுத்துக்கொண்டோம். (நல்ல காரியம் ஒன்றைக் கூடச் சேர்த்துக்கொண்டால்தான் நமக்கு ஓய்வும் இனிக்கிறது, இது நகரத்து மனிதர்களான நம்முடைய ஒரு பழக்கம்.) கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவர்களுக்கு வணக்கம் சொன்னோம், அவர்களும் தலையசைத்தார்கள். அந்தத் தலையசைப்பையே அனுமதியாக எடுத்துக்கொண்டதுதான் எங்கள் முதல் பிழை.

எங்களோடு வந்த கல்லூரி மாணவர் ஒருவர், முதல்முறையாகத் தனிப்படகில் வந்த உற்சாகத்தில், எல்லோரையும்விட முன்னே போய்க்கொண்டிருந்தார். ரயில் பாலத்தைத் தாண்டியதும் அவருக்குக் காலித் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாகக் கிடைத்தன. மூடி இறுக்கி மூடப்பட்டு, பாதிக்குமேல் பாசி படிந்து, ஒவ்வொன்றின் கழுத்திலும் மெல்லிய பச்சை நைலான் கயிறு கட்டியிருந்த பாட்டில்கள். இழுத்தால் வரவில்லை. ஏதோ கிழிந்த கயிறு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து, படகு கவிழ்ந்து எதிலாவது சிக்கினால் அறுத்துக்கொள்ள உதவும் என்று அவருடைய லைஃப் ஜாக்கெட்டில் நானே மாட்டிக்கொடுத்திருந்த சிறு கத்தியால், ஒவ்வொன்றாக அறுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டார். ஒன்பது பாட்டில்கள். அவற்றை உயர்த்திக் காட்டியபோது நாங்கள் கைதட்டினோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அரைமணி நேரம் கழித்து ஒரு ஃபைபர் படகு வந்தது. அதிலிருந்த பெரியவர் வந்த வேகத்துக்கு மாறாக நிதானமாகவே பேசினார். "இன்னா தம்பி, குப்பை பொறுக்கினீங்களா? எம்மாம் பாட்டிலு?" என்று கேட்டு, சாக்கை வாங்கி, ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துத் தன் படகின் விளிம்பில் வரிசையாக நிறுத்தி வைத்தார். அவை நண்டு வலையின் அடையாளங்கள். ஈயக் குண்டு கோத்த அந்த வலையை ஆற்றின் அடியில் நீளவாக்கில் இறக்கி, இரண்டு முனையிலும் ஒவ்வொரு பாட்டிலைக் கட்டி மிதக்கவிட்டுவிட்டுப் போவார்கள். பாட்டிலைப் பிடித்தால்தான் வலை. ஐந்து வலைக்குப் பத்து முனை, பத்துப் பாட்டில். நாங்கள் அறுத்தது ஒன்பதை.

ஒரு முனையில் பாட்டில் மிச்சமிருந்த வலையை உடனே எடுத்துவிட்டார். மற்ற நான்குக்கும், கிணற்றில் விழுந்த வாளியைத் தேடப் பாதாளக்கரண்டி போடுவது போல, கயிற்றில் கட்டிய இரும்புக் கொக்கியை அடியில் இழுத்தபடி குறுக்கும் நெடுக்குமாகப் போய்வந்தார். தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்த நேரம் அது. வற்றும் நீரின் இழுவையில், குறிவைத்த இடத்தில் படகை நிறுத்தவே அவர் பாடுபட்டார். நாங்கள் எட்டுப் படகிலும் சுற்றி நின்று, உதவி செய்யத் தெரியாமல், அவருக்கு வழியையும் மறித்துக்கொண்டிருந்தோம். இரண்டு வலைகள் அகப்பட்டன. இரண்டு அகப்படவில்லை.

அங்கேயே ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் சேர்த்து நீட்டினோம். புது வலை இரண்டு கட்ட என்ன ஆகும் என்பதைக் கணக்குப் பார்த்து அதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். நண்டுக்கும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள் ஐயா என்றேன். "நண்டு வுழுந்துச்சா இல்லியான்னு எனக்கே தெரியாது, அதுக்கு எப்பிடி காசு கேக்கறது?" என்றார். பிறகு, எங்களைப் பார்த்து இல்லாமல் தண்ணீரைப் பார்த்து, "காசு குடுத்துட்டீங்க. வலை உள்ளயே கெடக்குதே" என்றார்.

அந்த இரண்டாவது வாக்கியம்தான் என்னை எழுத வைத்தது. நைலான் வலை மக்காது. ஆளில்லாமல் அடியில் கிடக்கும் வலையிலும் நண்டு சிக்கும். சிக்கிய நண்டைத் தின்ன வரும் மீனும் சிக்கும். அது அழுகி, அதற்கு இன்னொன்று வந்து, வலை தன்பாட்டுக்கு யாருக்கும் பயனில்லாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். ஆற்றைச் சுத்தம் செய்யப் போன நாங்கள், எந்தச் சாக்கிலும் அள்ள முடியாத குப்பையை அதன் அடியில் போட்டுவிட்டு, மேலே ஒன்பது பாட்டில்களோடு திரும்பி வந்தோம்.

"ஆறு எல்லோருக்கும் பொது, யாரைக் கேட்டு இறங்க வேண்டும்?" என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் பின்னர் வாதிட்டார். பொதுதான், மறுக்கவில்லை. ஆனால் பொது என்பதற்கு யாரும் எப்போதும் எங்கும் என்று பொருள் கொள்வது நாம் மட்டுமே. அந்த நீரில் பிழைப்பவர்கள் அப்படிக் கொள்வதில்லை. பழவேற்காட்டில் பாடு என்றொரு முறை இருப்பதை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள்: ஏரியில் வலை கட்டும் இடங்களை ஊர்கள் தமக்குள் முறைவைத்துப் பிரித்துக்கொண்டு, இன்று இந்த இடம் யாருக்கு என்பதைத் தாங்களே தீர்மானிப்பார்கள். முறை இல்லாத நாளில் தன் சொந்த ஊர் நீரிலும் வலை இறக்காத மனிதர்கள், வரிசையும் தெரியாமல் முறையும் தெரியாமல் நடுவே நுழைந்து போகும் நம்மை ஒன்றும் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்றால், அது அவர்களுடைய பொறுமை. அதை நம்முடைய உரிமையாக எண்ணிக்கொள்ளக் கூடாது.

எண்ணூரில் அந்தப் பொறுமைக்கு வேறு சோதனைகளும் நேர்ந்திருக்கின்றன. அனல்மின் நிலையச் சாம்பல் கழிவு படிந்து ஆறு ஆழம் குறைந்து, முன்பு படகு போன இடத்தில் இன்று முழங்கால் அளவு தண்ணீர்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகம் முழுவதும் படர்ந்தபோது படகும் வலையும் கறுத்துப்போய், கூழைக்கடாக்களின் இறகுகளும் கறுத்துப்போய், எத்தனையோ நாள் தொழில் இல்லை. அப்போது வந்து படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் அதிகம். ஆகையால் நம்மைப் போல் தலையில் கேமரா பொருத்திக்கொண்டு, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் வந்து இறங்குகிறவர்களைப் பார்த்தால் அங்கே முதலில் எழும் கேள்வி, இவர்கள் யார், எதை அளக்க வந்திருக்கிறார்கள் என்பதுதான். அந்தக் கேள்விக்கு நாம் கரையிலேயே பதில் சொல்லிவிட வேண்டும்.

ஊரைக் கேட்பது என்றால் என்ன என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது காலை ஆறு மணிக்குப் படகை இறக்கிக்கொண்டே கேட்கிற கேள்வியாக இருக்கக் கூடாது. இரண்டு மூன்று நாள் முன்னதாக, படகு இல்லாமல், ஒருவரோ இருவரோ நேரில் போய் ஊர் நிர்வாகிகளைப் பார்த்து, எத்தனை பேர், எத்தனை படகு, எங்கிருந்து எதுவரை, எத்தனை மணிக்கு என்று சொல்ல வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். வேறு நாள் வாருங்கள் என்றால் வேறு நாள். ஒத்துக்கொண்டால், அவர்களில் ஒருவரைப் படகோடு துணைக்குக் கேட்டு, அவர் அந்தக் காலையில் தொழிலுக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதற்குக் குறையாமல் கூலி பேசிக்கொள்ள வேண்டும். கயாக் ஒன்றுக்குப் பல ஆயிரம் செலவழித்துவிட்டு இந்த இடத்தில் வந்து பேரம் பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிப்பதில்லை என்பதோடு விட்டுவிடுகிறேன்.

துணைக்கு வருபவர் என்ன செய்வார் என்று கேட்பீர்கள். ஊரைக் கேட்டுவிட்டு ஏப்ரலில் மறுபடி போனபோது எங்களோடு வந்தவர் முதலில் செய்தது, எங்களை ஒற்றை வரிசையில் வரச்சொன்னது. எட்டுப் படகுகள் பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டே போவது நமக்குச் சுகம்; ஆனால் அப்படிப் போனால் ஆறு முழுவதும் அடைபட்டுவிடுகிறது. அடுத்து, திசை திருப்பச் சுக்கான் வைத்த கயாக்குகளை நிறுத்தி, சுக்கானைத் தூக்கிக் கட்டச் சொன்னார். நம் படகு சில அங்குலத் தண்ணீரில் மிதக்கக்கூடியது, வலையின் மேல்கயிற்றைத் தொடாமல் தாண்டிவிடும். பின்னால் தொங்கும் சுக்கான் தாண்டாது. பின்னர் தெர்மாகோல் துண்டு, ரப்பர் செருப்பு, பாட்டில் என்று ஒவ்வொன்றையும் காட்டி, அது யாருடைய எந்த வலை என்று சொல்லிக்கொண்டே வந்தார். அன்றைக்கு அந்த ஆறு எனக்கு வேறாகத் தெரிந்தது. மிதப்பவற்றில் உண்மையான குப்பை எது என்பதையும் அவரே காட்டினார். சாக்கு நிறையத்தான் கிடைத்தது.

வேளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நமக்குப் பிடித்தது விடியற்காலை: காற்று இல்லை, வெயில் இல்லை, படம் நன்றாக வரும். ஆனால் இரவில் இறக்கிய வலையைத் தூக்குவதும் அந்த வேளையில்தான். அதோடு நீரோட்டமும் இருக்கிறது. சென்னைக் கடலில் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் அது முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுவை கூடும். வற்றும் தண்ணீரில் கடலை நோக்கிப் போகும் இறாலை எதிர்பார்த்து வலை கட்டியிருப்பவருக்கு அந்தச் சில மணி நேரமே அன்றைய வரும்படி. அந்த நேரத்தில் அவருக்கு முன்னால் நாம் போகக் கூடாது. தண்ணீர் ஏறும்போது உள்நோக்கிப் போய், அது நின்று திரும்பும் வேளையில் அலையாத்தி ஓரமாக ஓய்ந்துவிட்டுத் திரும்பினால் நமக்கும் கை வலிக்காது. முற்பகல் முதிர முதிரக் கடற்காற்று எழுந்துவிடும் என்பதால் அதற்குள் கரையேறிவிடுவது நல்லது. வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும், பூண்டியில் உபரிநீர் திறந்திருக்கும் நாள்களிலும் இறங்கவே வேண்டாம். லைஃப் ஜாக்கெட், விசில் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். எண்ணூர் முதல் பழவேற்காடு வரையிலான ஆழமில்லாத நீரில் பெண்கள் வெறுங்கையால் இறால் பிடிப்பார்கள். அவர்களில் பலர் இருளர் சமூகத்தினர். நீரில் குந்தியபடி நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி, அகப்படும் இறாலைப் பனையோலைப் பறியில் போடுவார்கள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். வாய் திறந்து கூவவும் முடியாது. தண்ணீருக்கு மேலே தெரிவது தலையும் தோளும்தான். நம் படகோ சத்தமில்லாதது. அலையாத்தி மரத்தைச் சுற்றித் திரும்பும் வளைவில் ஒருமுறை என் படகின் மூக்கு ஓர் அம்மாவின் தலைக்கு ஒரு முழத் தொலைவில் போய் நின்றது. அவர் பறியை வாயிலிருந்து எடுக்காமலேயே கையால் படகைத் தள்ளிவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தார். எனக்குத்தான் நெடுநேரம் கை நடுங்கியது. வளைவுக்கு முன் துடுப்பை நிறுத்திக் குரல் கொடுங்கள். அவர்களைப் படம் பிடிக்காதீர்கள். பாட்டுப்பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

படகைக் கழுவுவது பற்றியும் ஒரு சொல். எண்ணூரில் மீனவர்கள் காக்கா ஆழி என்று சொல்லும் கறுப்பு மட்டி, தென் அமெரிக்கக் கரையிலிருந்து வந்த அந்நிய இனம். அது கம்பளம் போல் அடிமண்ணை மூடி, இறாலும் மஞ்ச மட்டியும் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு மணி நேரம் மிதந்த படகில் அது வந்து ஒட்டிக்கொள்ளாது. ஆனால் அதன் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் தண்ணீரில் மிதப்பவை. காலையில் எண்ணூரில் விட்ட படகை, உள்ளே தேங்கிய தண்ணீரோடும் நனைந்த கயிற்றோடும் மாலையில் முட்டுக்காட்டில் இறக்கினால், அதைக் கொண்டுபோய் விட்டவர்கள் நாமாகவும் இருக்கலாம். கரையிலேயே நீரை வடித்து, வீட்டில் நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாக வெயிலில் காய்ந்த பிறகே வேறு நீரில் இறக்குங்கள்.

எங்கள் குழு மீண்டும் அதே ஊருக்குப் போய்வருகிறது. கத்தி வைத்திருந்த மாணவரும் வருகிறார். அப்படி மீண்டும் முதல்முறை போனபோது புது நைலான் கயிறு ஒரு சுருள் வாங்கிக்கொண்டு வந்து பெரியவரிடம் கொடுத்தார், அவர் வாங்கிக்கொண்டார். காணாமற்போன இரண்டு வலைகளில் ஒன்றுகூட இன்றுவரை அகப்படவில்லை. ரயில் பாலத்துக்கு மேற்கே, அலையாத்தி தொடங்குவதற்குச் சற்று முன்னால், தண்ணீர் நன்றாக வற்றியிருக்கும் வேளையில் பச்சை நைலான் கயிற்று முனை எதுவும் உங்கள் கண்ணில் பட்டால், தயவுசெய்து இழுக்காதீர்கள், அறுக்காதீர்கள். பக்கத்தில் ஒரு மூங்கிலை ஊன்றிவிட்டு, கரைக்கு வந்து, அங்கே வலை உதறிக்கொண்டிருப்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் சொல்லுங்கள். யாருடைய வலை என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உங்களுள் ஒருவன்,
சென்னை